பழைய ஆட்டோ கார் இழுக்கவில்லையா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

‘காடியில பிக்கப் இல்ல’ என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தால், சில இடங்களில் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததுமே தீர்ப்பு வந்துவிடும்: ‘கியர்பாக்ஸ் போச்சு அண்ணே, இறக்கணும்.’ பதினைந்து வருடப் பழைய மைவிக்கோ சாகாவுக்கோ அந்த வேலை ஆயிரக்கணக்கான வெள்ளியில் போய் நிற்கும். காரின் இன்றைய விலையோடு ஒப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். பல வீடுகளில் வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், அப்பா அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகவும் அந்த ஒரு கார்தான் இருக்கிறது.

ஆட்டோ கியர்பாக்ஸ் தேய்ந்து போவது உண்டு. ஆனால் ஒரு தீப்பொறி காயில், ஒட்டிக்கொண்ட ஒரு பிரேக், அடைத்துப்போன ஒரு சல்லடை இவை எல்லாமே ஓட்டுபவரின் காலுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்: மிதிக்கிறோம், கார் போகவில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்பதைப் பட்டறைக்குப் போகும் முன் ஓட்டுநரே பெரும்பாலும் பிரித்துப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் யாரும் எடுத்த எடுப்பில் கியர்பாக்ஸ் விலையைச் சொல்ல மாட்டார்கள்.

இதைத் தள்ளிப் போடவும் கூடாது. தோட்டத்துச் சந்திப்பிலிருந்து பெரிய சாலைக்கு வலப்பக்கம் திரும்பி ஏறும்போது, லாரி வருவதற்குள் கார் எடுத்துவிடும் என்ற கணக்கில்தான் நாம் மிதிக்கிறோம். அந்தக் கணக்கு இரண்டு மூன்று விநாடி பிந்தினாலும் ஆபத்து.

கார் புதிதாக இருந்தபோது எப்படி இழுத்தது?

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். 2005-இல் வந்த முதல் தலைமுறை மைவி 1.3 ஆட்டோவில் இருப்பது நான்கு கியர். அதன் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 116 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 3,200 சுற்றில். 2008-இல் வந்த சாகா 1.3-இன் இன்ஜினுக்கு 120 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில். ஊசி 2,000-இல் நிற்கும்போது காலை லேசாக வைத்துக்கொண்டு ‘ஏறவில்லையே’ என்றால், அது காரின் குற்றமல்ல. ஆழமாக மிதித்தால் கியர்பாக்ஸ் ஒரு கியர் கீழே இறங்கும், சத்தம் கூடும், பிறகு இழுக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பாதி மிதியிலேயே ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய.

சுமையும் ஒரு கணக்கு. மைவியின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. 70 கிலோ எடையுள்ள ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ, அதாவது காரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஏர்கோனையும் போட்டுக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினால் புதுக் காரே மூச்சு வாங்கும். ஆகவே, ‘இழுக்கவில்லை’ என்பதை வேறு காரோடு ஒப்பிட்டுச் சொல்லக்கூடாது. அதே கார், அதே மேடு, அதே ஆட்கள், முன்பு எப்படி, இப்போது எப்படி என்று பார்க்க வேண்டும். ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகிறவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தைய ஏற்றம் இதற்கு நல்ல அளவுகோல். கே.எல். பக்கம் இருப்பவர்களுக்குக் காராக் நெடுஞ்சாலையின் புக்கிட் திங்கி ஏற்றம்.

ஆர்.பி.எம். ஊசியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். கார் நன்றாகச் சூடேறிய பிறகு, வாகனம் இல்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், எக்ஸலரேட்டரை முக்கால் பங்கு மிதியுங்கள். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஆர்.பி.எம். ஊசியையும் வேக ஊசியையும் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும்.

படத்தில் மூன்றில் ஒன்று தெரியும். ஆர்.பி.எம். ஊசி சடாரென்று 4,000, 5,000 என்று ஏறுகிறது, வேக ஊசி நகராமல் நிற்கிறது, அல்லது நிதானமாகப் பின்னால் வருகிறது என்றால், இன்ஜினுக்குச் சக்தி இருக்கிறது. அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சந்தேகம் கியர்பாக்ஸ் மீது. ஆர்.பி.எம். ஊசியே ஏற மறுத்து, 2,500 அல்லது 3,000 பக்கம் முக்கிக்கொண்டு நின்றால் கோளாறு பெரும்பாலும் இன்ஜின் பக்கம். அந்த நிலையில் கியர்பாக்ஸை இறக்குவது வீண் செலவு. மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது: இரண்டு ஊசியும் ஒன்றாகத்தான் ஏறுகின்றன, ஆனால் எல்லாமே பாரமாக இருக்கிறது, காலை எடுத்தவுடன் கார் உருளாமல் சீக்கிரம் நின்றுவிடுகிறது. அப்போது எதுவோ காரைப் பிடித்து இழுக்கிறது.

சி.வி.டி. கார் வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறக்கூடாது. 2011-இல் வந்த சாகா எஃப்.எல்.எக்ஸ். ரகத்திலும், 2016-இல் வந்த புதிய சாகாவின் ஆட்டோவிலும் இருப்பது பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. 2019-இல்தான் சாகா மறுபடி நான்கு கியர் ஆட்டோவுக்குத் திரும்பியது. சி.வி.டி.யில் மிதித்தவுடன் ஆர்.பி.எம். முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது அதன் இயல்பு. அதில் கவனிக்க வேண்டியது வேறு: நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது உதறல், வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஊளைச் சத்தம், வேகம் மாறாமல் ஓடும்போதே ஊசி மேலும் கீழும் ஆடுவது.

இந்தச் சோதனையோடு சில கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். மெல்ல மெல்ல மாதக்கணக்கில் குறைந்ததா, ஒரே நாளில் விழுந்ததா? காலையில் நன்றாக இருந்து சூடானதும் மோசமாகிறதா, தலைகீழா? அண்மையில் ஏதாவது மாற்றினீர்களா, கழுவினீர்களா, தண்ணீரில் ஓட்டினீர்களா? ஒரே நாளில் விழுந்தது என்றால் பெரும்பாலும் ஒரு பாகம் செத்திருக்கிறது. மாதக்கணக்கில் குறைந்தது என்றால் அடைப்பு, தேய்மானம்.

காரைப் பிடித்து இழுப்பது எது?

விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்குவோம். 15 நிமிடம் ஓட்டிவிட்டு, முடிந்தவரை பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் ரிம்முக்கு அருகில் கையைக் கொண்டு போங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடவில்லை. முன் பக்கம் என்றால் காலிபரின் நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். பின் பக்கம் என்றால் கைப்பிரேக் கேபிள், அல்லது டிரம்முக்குள் இருக்கும் சிறு சிலிண்டர். மழைக்காலத்தில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வைத்த காரில் இது அடிக்கடி நடக்கும்.

டயர்க் காற்றை ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு அடியுங்கள். அழகுக்காக 14 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 16 அங்குலம் போட்டவர்கள், கார் கனமாகிவிட்டது என்று குறை சொல்வதில் பொருளில்லை. அவர்கள் போட்ட கனம்தான் அது.

தரைவிரிப்பையும் பாருங்கள். பழைய ரப்பர் பாய் மீது தடித்த பாய் ஒன்றைப் போட்டு வைத்திருப்போம். எக்ஸலரேட்டர் முழுதாக இறங்காமல் பாயில் முட்டிக்கொண்டிருக்கும். பழைய கார்களில் எக்ஸலரேட்டர் கேபிளும் காலப்போக்கில் தளரும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் முழுதாக மிதிக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து, த்ராட்டில் கடைசிவரை திறக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. செலவு இல்லை.

இன்ஜினுக்குச் சக்தி குறைந்தால்

இன்ஜினுக்கு வேண்டியது காற்று, பெட்ரோல், தீப்பொறி, புகை வெளியேற வழி, சரியான சூடு. இந்த ஐந்தில் எது குறைந்தாலும் ஆர்.பி.எம். ஊசி முக்கும்.

காற்று வடிகட்டி எளிது. செம்மண் சாலையில் தினமும் போகும் காருக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் தூரக் கணக்கு பொருந்தாது. புழுதி அதற்கு முன்பே அடைத்துவிடும். தோட்டத்து வீடுகளில் இன்னொரு தொல்லை, எலி. வடிகட்டிப் பெட்டிக்குள் காய்ந்த புல்லையும் துணியையும் கொண்டு போய்க் கூடு கட்டிவிடும். பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அங்கேயே த்ராட்டில் வாயில் கரி படிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கரி படிந்தால் நிற்கும்போது இன்ஜின் தடுமாறும், எடுக்கும்போது ஒரு கணம் தயங்கும். முழு மிதியில் சக்தி குறைவதற்கு அது பெரிய காரணமாக இருப்பதில்லை. ‘த்ராட்டில் கழுவினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பேச்சை அந்த அளவுக்கே நம்புங்கள்.

தீப்பொறிதான் இந்த வயதுக் கார்களில் அதிகம் படுத்துவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள காரில் ஒன்று பழுதானால், நான்கில் ஒரு பங்கு சக்தி போய்விடும். மூன்று சிலிண்டர் கார் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஏற்றத்தில் உதறும், நிற்கும்போது ஸ்டீரிங் நடுங்கும், செக் இன்ஜின் விளக்கு சிமிட்டும். இந்த உதறலைத்தான் கியர் உதறல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கணினிக் கருவியை மாட்டினால் பி0301, பி0302 என்பது போன்ற குறியீடு வரும். கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். பி0301 வந்தால் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை முதலில் மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0301 என்றே நின்றால் பிளக், இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தம் என்று தேட வேண்டும். புதுக் காயில் வாங்காமலே செய்யக்கூடிய சோதனை இது. பிளக்கைக் கழற்றும்போது அந்தக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், மேல் மூடியின் கேஸ்கெட் கசிகிறது. அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செக் இன்ஜின் விளக்கு சிமிட்டும் நிலையில் வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான் உருகி, வழி அடைபடும். அதன்பின் காயிலை மாற்றினாலும் கார் இழுக்காது, ஏனென்றால் இப்போது புகை வெளியேற வழியில்லை. மலிவான கோளாறு ஒன்று விலையுயர்ந்த கோளாறாக மாறுவது இப்படித்தான்.

கன்வெர்ட்டர் அடைத்த காரின் குணம் தனி. சும்மா நிற்கும்போது ஒழுங்காக இருக்கும். மெதுவாக ஓட்டினால் ஓடும். மிதிக்க மிதிக்க மூச்சுத் திணறும். 3,000-க்கு மேல் ஏறாது. ஓட ஓட இன்னும் மோசமாகும். பட்டறையில் இதை உறுதி செய்ய, கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைத்துப் பார்ப்பார்கள். கணினியில் பி0420 வந்தது என்பதற்காக மட்டும் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. அந்தக் குறியீடு கன்வெர்ட்டரின் சுத்திகரிக்கும் திறன் குறைந்ததைச் சொல்கிறது, அடைப்பைச் சொல்வதில்லை.

பெட்ரோல் பம்ப் பலவீனமானால் நகருக்குள் தெரியாது. நெடுஞ்சாலை ஏற்றத்தில், நீண்ட நேரம் மிதித்துக்கொண்டிருக்கும்போது, பெட்ரோல் தீர்ந்ததுபோல் இழுப்பு விட்டுவிட்டு வரும். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி, அதனாலேயே குளிர்கிறது. எப்போதும் பத்து வெள்ளிக்கு மட்டும் அடித்து, மஞ்சள் விளக்கிலேயே ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும். பம்பை மாற்றும் முன் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். கீழே இருக்கும் சல்லடை மட்டும் அடைத்திருக்கலாம். ரோன் 97 போட்டால் சரியாகிவிடும் என்பது பெரும்பாலும் பணத்தை டேங்கில் கொட்டுவதுதான். ரோன் 95-க்கு வடிவமைத்த இன்ஜின், அது கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

அடுத்தது நம் நாட்டுப் பட்டறைகளுக்கே உரிய ஒரு பழக்கம். கார் ஒருமுறை சூடேறி நின்றுவிட்டால், தெர்மோஸ்டேட் வால்வைக் கழற்றிவிட்டு, ‘நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல’ என்பார்கள். தேவைதான். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பல கார்களில் ஆட்டோ கியர் கடைசிக் கியருக்குப் போவதையும் தள்ளிப்போடும். பெட்ரோல் குடிக்கிறது, சத்தம் போடுகிறது, போகவில்லை என்று மூன்று குறையும் ஒன்றாக வந்தால், முன்பு யாராவது இந்த வால்வைக் கழற்றினார்களா என்று கேளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் முக்கினால், சிலிண்டர் அழுத்தச் சோதனை. எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி கருப்பு எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்தது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கருப்பு எண்ணெயை நேரத்தில் மாற்றாத மைவிகளில், வால்வு நேரத்தை மாற்றும் டி.வி.வி.டி. அமைப்பின் எண்ணெய் வால்வு கசடால் அடைத்து, இழுப்பு குறைவதும் உண்டு. எண்ணெய்க் குச்சியில் தார் போல ஒட்டினால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ்தான் என்று தோன்றினால்

அப்போதும் முதல் வேலை கழற்றுவதல்ல. கியர் எண்ணெயைப் பாருங்கள். அளவு குச்சி உள்ள காரில், சிறிது ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டு, பெரும்பாலான கார்களில் ‘பி’க்கு வந்தபின் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி. குச்சி இல்லாத கார் என்றால் பட்டறையில் தூக்கித்தான் பார்க்க முடியும்.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஸ்ட்ராபெரி பால் போல வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் உடனே காரை நிறுத்துங்கள்: பல ஆட்டோ கார்களில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்தான் போகிறது; அது உள்ளே துருப்பிடித்து உடைந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் கலக்கும். ரேடியேட்டரை மாற்றாமல் கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால், மாற்றியதும் அதே கதிக்கு வரும்.

அளவு குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடித்து, சரியான எண்ணெயை நிரப்பினாலே பல கார்கள் பழைய நிலைக்கு வரும். சி.வி.டி.க்குச் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றக் கூடாது. அதற்கென்று கையேட்டில் சொன்ன எண்ணெய்தான். இல்லாவிட்டால் பெல்ட் வழுக்கித் தேயும்.

‘பழைய கியர் எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய கியர்பாக்ஸைக் கொண்டு வந்து எண்ணெய் மாற்றுவார்கள். அடுத்த மாதம் அது நின்றுவிடும். பழி எண்ணெய் மேல் விழும். வழுக்காத, ஆனால் எண்ணெய் பழுத்துப்போன கியர்பாக்ஸுக்கு, கீழே திறந்து வடிப்பது நல்லது. அதில் ஒரு பகுதி எண்ணெய்தான் வெளியேறும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். ஆகவே சில வாரம் விட்டு இரண்டு மூன்று தடவை வடித்து நிரப்ப வேண்டும். எத்தனை வருடமாக மாற்றவில்லை என்றே தெரியாத காரில் இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவச் சொல்ல நான் துணிய மாட்டேன். படிந்திருக்கும் கசடு வால்வு பாடியின் நுண்ணிய துளைகளில் போய் அடைக்கலாம்.

அறிகுறிகளைப் பிரித்துச் சொன்னால் நல்ல போர்மேனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ‘டி’ போட்டபின் கார் பிடிக்க இரண்டு மூன்று விநாடி ஆகிறதா? இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் ஆர்.பி.எம். துள்ளுகிறதா? ரிவர்ஸ் மட்டும் சரியாக இருக்கிறதா? நின்ற இடத்திலிருந்து எடுப்பது படுமோசம், ஆனால் 60-க்கு மேல் போனால் ஒன்றும் தெரியவில்லையா? கடைசியாகச் சொன்னது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் பழுதானால் புறப்படும்போது முறுக்குவிசை பெருகாது. அல்லது மின்கோளாறு ஒன்றைக் கண்டு கணினி தற்காப்புக்காகக் கியர்பாக்ஸை ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், பூட்டி வைத்திருக்கும். கையால் கியர் மாற்றும் காரை மூன்றாவதில் போட்டு எடுத்துப் பாருங்கள், எப்படி இருக்கும்? அதே பாரம்தான். அந்த நேரத்தில் மீட்டரில் ஏதாவது விளக்கு எரியும் அல்லது சிமிட்டும். கம்பி இணைப்பு, வேக சென்சர், சோலனாய்டு போன்றவற்றைப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியும். முழு கியர்பாக்ஸ் தேவைப்படாது.

மாறாக, நெடுஞ்சாலையில் மட்டும் ஆர்.பி.எம். அதிகமாக இருந்து, பெட்ரோல் கூடுதலாகக் குடித்தால், ஓவர்டிரைவ் பொத்தானை யாராவது தெரியாமல் அழுத்திவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

பிரேக்கை முழுதாக மிதித்து, ‘டி’யில் போட்டு, எக்ஸலரேட்டரையும் முழுதாக மிதித்து ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஸ்டால் சோதனை ஒன்று இருக்கிறது. காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணைவிட அதிகமாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. குறைந்தால் இன்ஜின் பலவீனம் அல்லது டார்க் கன்வெர்ட்டர் கோளாறு. இன்ஜினா, கியரா என்ற சண்டையை இது சீக்கிரம் தீர்த்து வைக்கும். ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் போகக்கூடாது, எண்ணெய் கொதித்துவிடும். பிரேக் பலவீனமான காரில் செய்தால் முன்னால் நிற்பவர் மேல் ஏறிவிடும். வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டாம். பட்டறையில் செய்தார்களா என்று கேளுங்கள், அது போதும்.

அண்மையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் என்றால் வெள்ளத்தையும் நினைக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். அதுபோன்ற வெள்ளங்களில் நனைந்த கார்கள் துடைத்துக் காயவைத்து மறுபடி விற்பனைக்கு வருகின்றன. கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். கம்பி இணைப்புகளில் பச்சைத் துரு பிடித்து, மாதங்கள் கழித்துக் கோளாறு காட்டலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பது பழைய தந்திரம், இன்றும் பலன் தருகிறது.

பணம் கொடுக்கும் முன்

கியர்பாக்ஸ்தான் என்று உறுதியானால் வழி மூன்று: உள்ளே பிரித்துப் பழுது பார்ப்பது, புதுப்பித்த கியர்பாக்ஸ் மாற்றுவது, அல்லது போத்தோங் கடையிலிருந்து பழையதை வாங்கிப் போடுவது. மூன்றாவது மலிவு, ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது, எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. எத்தனை நாள் உத்தரவாதம், அந்த நாளுக்குள் பழுதானால் கூலியும் சேர்த்து ஏற்பார்களா, பாகம் மட்டும்தானா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், பாடி துருப்பிடிக்காத, இன்ஜின் அழுத்தம் சரியாக உள்ள மைவிக்குக் கியர்பாக்ஸ் போடுவது புதுக் காருக்கு ஒன்பது வருடக் கடன் எடுப்பதைவிட மேல். எண்ணெய் குடிக்கும் இன்ஜினோடு இருக்கும் காருக்குப் போட வேண்டாம்.

மதிப்பீட்டைப் பாகம் வேறு, கூலி வேறாக எழுத்தில் கேளுங்கள். என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். குறியீடு எண், எண்ணெயின் நிறம், ஸ்டால் சோதனையின் எண், ஏதாவது ஒன்றையாவது சொல்லத் தெரிய வேண்டும். ‘ஓட்டிப் பார்த்தேன், அனுபவத்தில் தெரியும்’ என்பது மட்டுமே பதிலானால், கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே இரண்டாவது இடத்துக்குக் கொண்டு போங்கள். கழற்றிய பிறகு கொண்டு போக முடியாது. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி, வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தும் கோளாறு அப்படியே இருந்து, பட்டறை கையை விரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். ரசீது, எழுத்தில் வாங்கிய மதிப்பீடு, உத்தரவாதத் தாள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த ஆர்.பி.எம். ஊசிப் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.